ஜப்பான் நேர்காணலில் ஒரு பூக் கேள்வி

இன்று காலை, பர்மாவின் கியாக்டடாவில் உள்ள ஒரு ஏஜென்சி அலுவலகத்தில், ஜப்பான் முதியோர் இல்ல வேலைக்கு எனக்கு ஆன்லைன் நேர்காணல்.

திரையில் ஒரு ஜப்பானிய அம்மா. "செர்ரிப் பூவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றார்.

ஆறு மாதமாக ஜப்பானிய வகுப்பில் மனப்பாடம் செய்ததையெல்லாம் கொட்டினேன். இதழ்கள் பனிப்புயல் போலப் பறந்தால் ஹனாஃபுபுகி. தண்ணீரில் தெப்பம் போல மிதந்தால் ஹனாஇகாதா. பூக்கும் சமயத்தில் திரும்பி வரும் குளிருக்கு ஹனாபியே.

அவர் முகம் மலர்ந்தது. "உங்கள் ஊர்ப் பூ எது?"

"பதாவ்" என்றேன். தண்ணீர்த் திருவிழா சமயத்தில் மழை பெய்தால் மரமே மஞ்சளாகிவிடும், ஒரே நாள்தான் நிற்கும் என்றும் சொன்னேன்.

"அது உதிர்ந்து கிடப்பதற்கு என்ன சொல்?"

பர்மியத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. கடைசியில், "பெருக்கிவிடுவோம்" என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இங்கேயும் நாங்கள்தான் பெரு..." என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் லைன் போய்விட்டது. திரும்ப வரவேயில்லை.

வெளியே வந்ததும் இன்சீனிலிருந்து அண்ணன் போன்.

"என்னாச்சு தங்கச்சி, பாஸா?"

"தெரியலண்ணே. பூவப் பெருக்கிருவோம்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! வேற ஒண்ணுமே வாயில வரலையா?"

முடிவு அடுத்த வாரமாம். அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உதிர்ந்த பூவுக்குத் தமிழில் சொல் இருந்தால் யாராவது எழுதுங்கள். இல்லையென்றாலும் சொல்லிவிடுங்கள், கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.