சித்தியின் கைராசி

காலையில் எழுந்ததும் இடது முழங்கையைப் பத்து முறை மடக்கி நீட்டிப் பார்ப்பேன். இத்தனை வருஷமாக அது சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எண்ணிக்கொண்டே மடக்குவேன்.

ஜவ்வாது மலை மேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் என் சித்தி நர்சு உதவியாளராக இருந்தாள். வேலூரில் முறையாகப் பயிற்சி பெற்றவள். மலை ஜனங்களுக்குப் பயிற்சியெல்லாம் பொருட்டில்லை. அவள் கைராசிதான் பெரிது. "டாக்டரம்மா எழுதுறத எழுதட்டும். ஊசி மட்டும் நீ போடும்மா, உங்கையில போட்டாத்தான் கேக்குது" என்பார்கள், டாக்டரம்மா எதிரிலேயே. புதிதாக வந்திருந்த அந்த இளம் டாக்டர் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

கோடை விடுமுறைக்குப் படவேட்டிலிருந்து சித்தி வீட்டுக்குப் போனவன், போன வேகத்தில் புளியமரத்திலிருந்து விழுந்தேன். முழங்கை மூட்டு விலகி, கை எனக்குச் சம்பந்தமில்லாதது போலத் தொங்கியது. புளி உலுக்கிக்கொண்டிருந்தவர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மூட்டை உடனே உள்ளே தள்ளாவிட்டால் கை மடங்காமலே போய்விடலாம் என்று டாக்டர் சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சித்திதான் பண்ணணும். அவங்க தொடக்கூடாது!"

"டேய், அவங்கதான்டா டாக்டரு. நான் கூட நிக்கிறவ."

"அப்போ வாணாம். கை இப்டியே இருக்கட்டும்."

நான் உடம்பை இறுக்கிக்கொண்டேன். இறுக்கினால் மூட்டு உள்ளே போகாதாம். சித்தி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் லேசாகத் தலையசைத்தார். வலி தெரியாமலிருக்கச் சித்தி ஊசி போட்டுவிட்டு, என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"சரி, நானே பண்றேன். கைய பாக்காத, என்னையே பாரு. இன்னாடா, கொரங்கே ஏறாத கெளையில ஏறினியாமே? கொரங்குங்க வந்து எங்கிட்ட சிரிச்சிட்டுப் போச்சுங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மூட்டில் 'டக்'கென்று ஒரு சத்தம். உயிர் போய்த் திரும்பியது. கை நேராகியிருந்தது.

"எங்க சித்தி ஒரே இழுப்பு!" என்று ஆஸ்பத்திரியில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன்; டாக்டரிடமும் சொன்னேன்.

"ஆமா, அவங்களுக்கு நல்ல கைராசி" என்றார் அவர். சித்தி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த இழுப்பின்போது சித்தியின் இரண்டு உள்ளங்கைகளும் என் கன்னங்களை அழுத்திப் பிடித்திருந்தன. அந்தச் சூடும் டெட்டால் வாசனையும் இன்றும் நினைவிருக்கிறது. அப்படியானால் என் முழங்கையைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.