நெஞ்சைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தயங்கினேன். இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து, முதல் வரியிலேயே எழுந்து போயிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து எனக்குப் பழகின வேலை இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. இது என் மனைவியின் நோயைப் பற்றியது. அந்த நோயை அவள் அம்மனுக்குக் கொடுத்துவிட்டாள். சாமிக்குக் கொடுத்ததை ‘என்னுடையது’ என்று வாயால் சொன்னால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அதை நான் மீற விரும்பவில்லை. இப்போது அவளே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஏன் சொன்னாள் என்பது கடைசியில் தெரியும்.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில், கன்னடம் பேசுகிற பெரிய ஊரில் தமிழர்கள் நிறைய இருக்கிற பகுதி. நான் ஒரு தொழிற்சாலையில் லேத் மிஷின் ஓட்டியவன். தொண்ணூறுகளின் நடுவில் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சிலுள்ள வால்வைச் சுருக்கிவிட்டது, தொடை வழியாக ஒரு பலூனை விட்டு விரித்துவிடலாம் என்றார்கள்.

அட்மிட் ஆகிற அன்று காலையில் தெருக்கோடி மாரியம்மன் கோவிலுக்குப் போனோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கிற மாதிரி வேண்டிக்கொண்டாள். "தாயே, இத நீ எடுத்துக்க. எனக்கு வேணாம்."

நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். கண், கால், கை உருவம் போட்ட வெள்ளித் தகடுகள் கடையில் கிடைக்கும், நெஞ்சுக்குக் கிடைக்கவில்லை. ஆசாரியிடம் சொல்லி மார்பு உருவத்தைத் தனியாகத் தட்டி வாங்கி, அம்மன் உண்டியலில் போட்டாள். அத்தோடு அவள் மட்டில் அந்த நோய் கைமாறிவிட்டது. ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன மாத்திரைகளை அவள் மறுக்கவில்லை. மாத்திரை டப்பாவைச் சாமி அலமாரியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். விளக்கேற்றி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, தீர்த்தத்தோடு மாத்திரையையும் விழுங்குவாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பாள். அவள் வாயில் அது பொய் இல்லை.

எங்களுக்கு ஒரே பெண். கம்ப்யூட்டர் வேலை செய்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தோம். இரண்டாயிரம் பிறந்த சமயம், கல்யாணம் ஆன கையோடு அமெரிக்கா போனார்கள். அடுத்த வருஷம் பெண் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் முறை. ஆனால் அவளுக்கு அங்கே ஏதோ விசா சிக்கல், கிளம்பி வந்தால் திரும்பிப் போவது கஷ்டம் என்றார்கள். மாப்பிள்ளைக்கும் தாய் இல்லை.

"அம்மா, நீ வந்துடுவ இல்ல?" என்று போனில் கேட்டாள்.

"வராம? நடந்தாவது வருவேன்டி."

போனை வைத்த கையோடு லேகியத்துக்குச் சுக்கும் ஓமமும் வறுக்க ஆரம்பித்துவிட்டாள். பாஸ்போர்ட் வந்தது. மெட்ராஸ் போய் விசாவும் வாங்கிவிட்டோம். பெரிய கண்டமெல்லாம் தாண்டிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அத்தைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துடுங்க. இங்க ஆஸ்பத்திரில ஒரு நாள் படுத்தாலே எங்களால தாங்க முடியாது. அத்தை நெஞ்சு விஷயத்தைச் சொல்லியே எடுங்க மாமா."

தொழிற்சாலையில் இருந்தவரை குடும்பத்துக்கே வைத்தியம் இலவசம். இன்ஷூரன்ஸ் என்றால் ஆள் செத்தால் வருவது என்றுதான் எனக்குத் தெரியும். கோவிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் ஏஜென்ட் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

"ஸார், இதெல்லாம் ஒரு விஷயமா? நோய் இருக்கான்னு கேட்டா இல்லன்னு போட வேண்டியதுதான். பிளேன் ஏறுற பெரியவங்கள்ல யாருக்கு ஸார் சக்கரை இல்ல?"

"அங்க போய் ஏதாவது ஆச்சுன்னா?"

"அப்ப பாத்துக்கலாம்."

"யாரு பாத்துக்கறது? நீங்களா?"

அவர் சிரித்தார். "முன்னாடியே இருந்த நோய்ன்னு கண்டுபிடிச்சா பைசா வராது ஸார். அதையும் இப்பவே சொல்லிடறேன். நான் பொய் சொல்ல மாட்டேன்."

உள்ளேயிருந்து காபியோடு வந்த என் மனைவி, "எங்கள பொய் சொல்லச் சொல்லிட்டு, தான் பொய் சொல்ல மாட்டாராம். நல்ல ஏஜென்ட்டு" என்றாள். பிறகு டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா எனக்கு நோய் ஒண்ணும் இல்லண்ணா. எழுதிக்குங்க" என்றாள்.

"பாத்தீங்களா ஸார்? அக்காவே சொல்றாங்க!"

அவர் சொன்ன ‘இல்லை’ வேறு, அவள் சொன்ன ‘இல்லை’ வேறு. அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் எதிரில் "உனக்கு இருக்கிறது" என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் அவள் அம்மனிடம் கொடுத்ததை நான் பிடுங்கிக்கொண்டு வருகிற மாதிரி. சொல்லாவிட்டால் மாப்பிள்ளைக்குத் துரோகம். "எதுக்கும் டாக்டர் பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். அமெரிக்காவில் மாதக்கணக்கில் தங்கப் போகிற அவள் வயதுக்காரர்களை டாக்டர் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று ஏஜென்ட்டும் தலையைச் சொறிந்துகொண்டே ஒப்புக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்க்கச் சொன்ன டாக்டர் அதே ஊரில் பிரேசர் டவுனில் இருந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசினார். அவள் நெஞ்சில் குழாயை வைத்தார், நகர்த்தினார், திரும்ப அதே இடத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, முன்னாடி ஹார்ட்டுக்கு ஏதாவது பண்ணிக்கிட்டீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"மூச்சு வாங்குமா?"

"முன்ன வாங்கும். இப்ப அது அம்மன்கிட்ட இருக்குதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பைக்குள் மாத்திரை டப்பா இருந்தது. என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்தேன். அவர் என்னை அதற்குமேல் சோதிக்கவில்லை.

"உங்க அம்மன் நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கா. ஆனா சத்தம் இருக்கு தாயி. என் காதுல விழுந்தத நான் எழுதியாகணும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். "அது இன்னும் இங்கதான் இருக்குதாமா?" என்று ஒரு தடவை கேட்டாள். டிக்கெட்டை மடித்து மடித்து விரலுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஏஜென்ட் பதிலோடு வந்தார். பாலிசி கிடைக்கும். காய்ச்சல் வந்தால் உண்டு, கை கால் முறிந்தால் உண்டு, பல்வலிக்குக்கூட உண்டு. நெஞ்சுக்கும், நெஞ்சால் வருகிற எதற்கும் மட்டும் கிடையாது. "பெட்டி தொலைஞ்சாக்கூட குடுப்பாங்க ஸார்" என்று ஆறுதல் சொன்னார் பாவம்.

எங்களுக்குப் பல்லைப் பற்றிப் பயம் இல்லை. பெட்டியைப் பற்றியும் இல்லை. எதற்குப் பயந்தோமோ, அதை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் காவல் போட்டிருந்தார்கள்.

நானே நேரில் அவர்கள் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் பேசினார்.

"நெஞ்சுக்கு மட்டும் தனியா ஒரு பாலிசி இருந்தா குடுங்க ஸார். எவ்வளவு ஆனாலும் கட்டறேன்."

"ஆகல்லா ஸார், முடியாது. ரூல்ஸ். நானேன் மாடலி? நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க? இடிஞ்ச சுவத்துக்கு யாரு ஸார் இன்ஷூரன்ஸ் குடுப்பாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். வேறு இரண்டு கம்பெனிகளின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். அங்கேயும் ஏறி இறங்கினேன், அதே பதில்தான். இடிந்த சுவர் என்று அவர் சொன்னதை மட்டும் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

மாப்பிள்ளையிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "நான் வர வேணாம்னு சொல்லல மாமா. நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். பின்னாலிருந்து என் பெண், "அம்மாவ வரச் சொல்லுங்க அப்பா" என்று அழுதாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். நான் முடிவு பண்ண வேண்டுமாம். என்ன முடிவு பண்ணுவேன்? போய் நல்லபடியாகத் திரும்பினால் அம்மன் அருள். அங்கே போய் விழுந்துவிட்டால், கைக்குழந்தையோடு அந்தப் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும். தினமும் கோவிலுக்குப் போய் நின்றேன். எனக்கு ஒரு உத்தரவும் கிடைக்கவில்லை.

கோவிலில் எல்லோரும் என் மனைவியிடம், "அம்மன் இருக்கா, துணிஞ்சு போயிட்டு வா" என்றார்கள். எங்களோடு வரிசையில் நின்ற பக்கத்து வீட்டம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வெள்ளித் தகடு போட்டவ நீ, நீயே நம்பலைன்னா எப்படி?"

அதற்கு அவள் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். "நம்பறேங்க்கா. உசுரக் காப்பாத்துன்னு அம்மன்கிட்ட கேப்பேன். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு பில்லு கட்டுன்னு எப்படிக்கா கேக்கறது?"

அன்று சாயந்திரம் அவளே பெண்ணுக்குப் போன் போடச் சொன்னாள். "நான் வரலடி. உன்னப் பாத்துக்க வர்றவ, உனக்கு ஒரு பயமா வந்து நிக்கக் கூடாது" என்றாள். அழவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, சாமி அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் பிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"ஏம்மா அங்க வெக்கற?" என்று கேட்டேன்.

"என்னுதுதானே. இங்கயே இருக்கட்டும்."



மாப்பிள்ளையோடு வேலை செய்கிற ஒருவரின் தாயார், பிரேசர் டவுனில் இருக்கிற முஸ்லிம் அம்மா, அதே ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லேகியத்தை அவரிடம் கொடுத்து அனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போனோம். விமானம் ஏறப் போகிறவள் மாதிரியே என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஃபிகர் பண்ணாதம்மா, கவலப்படாத, உன் பொண்ணு கையிலயே குடுப்பேன். எனக்கு இந்த முட்டிதான் மக்கர் பண்ணுது, வேற ஒண்ணும் இல்ல" என்றார் அந்த அம்மா.

"காலைல வெறும் வயித்துல ஒரு உருண்டை. மேல நல்லெண்ணெய் விட்டுக் குடுக்கச் சொல்லுங்க. பால்ல கரைக்கக் கூடாது. அவ கரைப்பா, சோம்பேறி" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே கண்ணாடிக் கதவு வரைக்கும் கூடப் போனாள். அதற்குமேல் காவல்காரர் விடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்த அம்மாவின் தள்ளுவண்டி கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. போனில் அழுகைச் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். "தலையப் பிடிடி, தலை நிக்காது! யாரு தூக்கி வெச்சிருக்கறது? அவரா? ஐயோ, தலையப் பிடிக்கச் சொல்லு!" என்று என் மனைவி இங்கிருந்து கத்தினாள். அவள் இரண்டு கையும் காற்றில் ஒரு தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. ரிசீவரை அவள் காதில் நான்தான் பிடித்திருந்தேன். எனக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது.

அவள் அங்கே இருந்திருக்க வேண்டிய அந்த மாதங்களில் அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. போயிருக்கலாமே என்று இருவருக்கும் தோன்றியது. பிள்ளைகள் ஊருக்கு வந்து, பேத்தியை இவள் முதலில் தூக்கியபோது குழந்தைக்கு நடை வந்துவிட்டது. தலையைப் பிடிக்க வேண்டிய வயதெல்லாம் போய்விட்டது.

இன்று கோவிலில் இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளிடம் போகக் கிளம்பும் பெரியவர்களுக்குச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில், போயிருந்தால் உயிர் போயிருக்குமாம், அம்மனே டாக்டர் காதில் புகுந்து தடுத்தாளாம். இன்னொருவர் சொல்வதில், இவள் நம்பிக்கை குறைந்து மாத்திரையை அலமாரியை விட்டு எடுத்ததால்தான் அம்மன் கைவிட்டாளாம். இரண்டாவதைப் போன மாதம் என் மனைவியே காதால் கேட்டுவிட்டு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எழுதிடுங்க. அம்மன்கிட்ட குடுத்ததுதான் திரும்ப எனக்கே வந்துடுச்சே. இனி மறைக்க என்ன இருக்கு?" என்றாள்.

அம்மன் தடுத்தாளா, கைவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் இன்றும் தினமும் அவள் சந்நிதியில் நிற்கிறேன், கேட்டதில்லை. நடந்தது இவ்வளவுதான். மாத்திரை டப்பா இன்றும் பிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. படிக்கிற நீங்கள் பயணம் கிளம்புகிற யாருக்காவது இதைச் சொல்வதானால், தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள். அற்புதம் ஒன்றைச் சேர்க்காதீர்கள். என் மனைவி மேல் ஒரு குறையையும் ஏற்றாதீர்கள். ஏஜென்ட்டையோ டாக்டரையோ கெட்டவராக்க வேண்டாம். அவள் போகவில்லை, போக ஆசைப்பட்டாள். அந்த இரண்டையும் விட்டுவிடாமல் சொன்னால் போதும்.