மையத்தை எழுப்பலாமா

செத்தவரை மந்திரத்தால் எழுப்பி வேலை வாங்குவது பாவமா என்ற கேள்வியில் நான் ஓரளவு நிபுணன். கல்முனைக் கரையில் இந்தத் துறைக்கு வேறு ஆள் இல்லாதபடியால் தகுதி சுலபமாகக் கிடைத்தது. கேள்வியைத் தந்தது ஒரு விளையாட்டு. சுனாமிக்கு அடுத்த வருடம், நான் ஆங்கிலம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் தங்கி நிவாரண வேலை செய்த வெளிநாட்டு இளைஞன் ஒருவன், ஊருக்குத் திரும்பும்போது பெட்டியின் பாரம் குறைக்க ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு பை பகடைகளையும் என்னிடம் விட்டுப்போனான். ஊராருக்குக் கூடாரமும் தண்ணீர்த் தாங்கியும் கிடைத்தன. எனக்கு டிராகன்கள் கிடைத்தன.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். "நான் கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவு திறக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கதை சொல்பவர் தீர்மானிப்பார். கிட்டத்தட்ட இறைவனின் வேலை என்று எழுதினால் பள்ளிவாசலில் விசாரணை வரும். பள்ளிக்கூட அதிபரின் வேலை என்று வைத்துக்கொள்வோம். வாழ்நாளெல்லாம் அதிபர் பதவி கிடைக்காத எனக்கு அது பிடித்துப்போனது.

விளையாட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான், அவருக்கு நானும் மச்சான். அவருடைய மனைவியும் ஆறு வயது மகளும் கடலுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். கடல் வந்த காலையில் அவர் இறக்காமத்தில், வயலில், யானைக் காவலில் இருந்தார். யானை வரவில்லை. மனைவியின் உடல், எங்கள் பேச்சில் மையத்து, மூன்றாம் நாள் கிடைத்தது. மகள் கிடைக்கவில்லை.

மையத்து இல்லாமலும் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையைத் தொழலாம். அதற்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது. அந்த வருடம் கரையோரப் பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு அப்படிப் பல பேருக்குத் தொழுதார்கள். மச்சான் மட்டும் தன் மகளுக்கு வேண்டாம் என்றார். "மையத்தக் காட்டுங்க, தொழுவம்" என்பார், கேட்டவர் அத்தோடு போய்விடுவார். என் மனைவியால் போக முடியவில்லை. தொழுவிக்கப்படாமல் அந்தப் பிள்ளை எங்கேயோ நடுவழியில் நிற்கிறாள் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்போடுதான் சோறு சமைத்தாள், அதே நினைப்போடுதான் எனக்குப் பரிமாறினாள்.

மற்றவர் எங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளாக்கர், பாண்டிருப்புக்காரர், இந்து. என்னை 'சேர்' என்றும் மச்சானை 'நானா', அதாவது அண்ணன், என்றும் கூப்பிடுவார். அவருக்கு ஒரு தம்பி வன்னிப் பக்கம் இருந்தான். அதற்குமேல் நாங்கள் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் கேட்காமலிருப்பதுதான் மரியாதை.

சனிக்கிழமைகளில், பின்னேரம் அஸர் தொழுத பிறகு, ஏழாம் வகுப்பறையில் கூடுவோம். முதல் நாளே தகராறு.

"மச்சான், பகடை ஹறாம்" என்றார் மச்சான்.

"இது சூதில்ல. காசி வைக்கிறல்ல."

"வெச்சாலும் வெக்காட்டியும் பகடை பகடைதான்."

கிளாக்கர் சிரித்தார். "எனக்கும் வேணாம் சேர். எங்கட கோயில்ல வருசா வருசம் பகடையால நாடு போன கதைய வாசிக்கிற. நான் பாதியிலயே கோபம் வந்து எழும்பிப் போயிருவன்."

ஆகவே பால்மா டின்னில் ஒன்று முதல் இருபது வரை எழுதிய கடுதாசித் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். நிவாரண வீடுகளையே சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள், அதனால் சீட்டு ஆகும் என்று மச்சான் தீர்ப்புச் சொன்னார். பகடையைத் தூக்கி எறிந்த நிம்மதியில், புத்தகத்தின் நடுவில் பிணம் எழுப்புவது பற்றி ஒரு முழு அத்தியாயம் இருந்ததை நாங்கள் மூன்று பேரும் பொருட்படுத்தவில்லை. ஹறாமுக்குப் பயந்து பார்த்துப் பார்த்து விலகினோம். விலகிய இடம்தான் சரியில்லை.

மச்சான் வாள்வீரன். கிளாக்கர் மந்திரவாதி. குகைக்குள் விளக்குப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் ஒரு சிறுமியைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கிழவனைப் போட்டிருக்கலாம், ஒரு குரங்கைக்கூடப் போட்டிருக்கலாம். மச்சான் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார். அதை வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, "அது அவன் மகளத் தனியாக் கூப்புடுற பேரு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சிறுமியை ஏதாவது சாக்குச் சொல்லி அவளுடைய ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் விதிப்படி நடக்கிறவன் என்று காட்ட ஆசைப்பட்டேன். ஆற்றுப் பாலம் வந்தது. மச்சான் சீட்டு எடுத்தார்: இரண்டு. புத்தகப்படி பாலம் உடையும். உடைத்தேன். விளக்கோடு அவளைத் தண்ணீர் கொண்டுபோனது. தேடுவதற்கு இன்னொரு சீட்டு. இருபது.

"மையத்து கிடைச்சிற்று" என்றார் மச்சான். பிறகு கிளாக்கரைப் பார்த்து, "தம்பி, உன்னட்ட எழுப்புற மந்திரம் இரிக்கி தானே?" என்றார்.

"இரிக்கு நானா. ஆனா எழும்புறது பிள்ள இல்ல. சொன்னதச் செய்யும். கதைக்காது."

இங்கே நான் பிரசங்கம் செய்தேன். எனக்கு அப்படி ஒரு வியாதி உண்டு. எழுப்பப்பட்டதற்குச் சொந்த விருப்பம் இல்லை, எனவே அது அடிமை. அடிமையின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. நல்லவனாக வேடமெடுத்த எவனும் இதைச் செய்யக் கூடாதென்று புத்தகமே சொல்கிறது என்றேன். நாங்கள் மையத்தைக் குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூட்டை முதலில் சொந்தக் கையில் ஊற்றிப் பார்க்கிற சனம், செத்த உடம்புக்கும் நோகும் என்று நம்புகிறவர்கள், அந்த உடம்பை எழுப்பி மூட்டை சுமக்க வைப்பதா என்று கேட்டேன். நல்ல பேச்சு. எழுதி வைத்திருந்தால் தமிழ்த்தினப் போட்டிக்கு அனுப்பியிருக்கலாம்.

மச்சான் முழுவதையும் கேட்டார். "மூட்டை தூக்க வேணாம் மச்சான். விளக்குப் புடிச்சாக் காணும். கொஞ்சம் கதைச்சாக் காணும்."

நான் விதியை மாற்றினேன். கருணை என்று அதற்குப் பெயர் வைத்தேன். கிளாக்கர் சீட்டு எடுத்தார், என்ன இலக்கம் என்று நான் பார்க்கவில்லை. நாற்பது வயதை நெருங்கிய, தொப்பை விழுந்த ஆங்கில வாத்தியார் நான், குரலைச் சின்னதாக்கி, "வாப்பா, ஏன் இவ்வளவு இருட்டா இரிக்கி?" என்றேன்.

விளக்குப் பிடிக்கும் சிறுமி வாள்வீரனை வாப்பா என்று கூப்பிட வேண்டிய அவசியம் கதையில் எங்கேயும் இல்லை.

அதோடு கதை நின்றுவிட்டது. டிராகன் குகையிலேயே மாதக்கணக்கில் காத்திருந்தது. சனிக்கிழமை தோறும் மச்சான் வருவார், வாங்கில் உட்காருவார், அவளோடு கதைப்பார்.

"முன்பல்லு விழுந்திச்சா மகள்?"

"விழுந்திச்சு வாப்பா. கூரையில எறிஞ்சன்."

"ஆரு எறியச் சொன்ன?"

"உம்மா."

கிளாக்கர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை, "உனக்கு இப்ப எத்தின வயசி?" என்று மச்சான் கேட்டார். "ஏழு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. செத்தவர்களுக்கு இருக்கும் ஒரே சலுகை வயது ஏறாததுதான். அதையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். மச்சானோ சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். அந்த மாதங்களில் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார், தாடியைச் சீராக்கினார். என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். விளையாட்டு என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தேறிவிட்டான், இனித் தொழுகைக்குச் சம்மதிப்பான் என்று அவள் கணக்குப் போட்டாள். கேட்டுப் பார்த்தாள். "என்னத்துக்கு?" என்றார் அவர், நிஜமாகவே விளங்காதவர்போல. அவள் என்னிடம் வந்து அழுதாள். "நீங்க சொன்னாக் கேப்பான்."

நான் சொன்னால் கேட்கமாட்டார். யார் சொன்னால் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை, பல், பூனை, பள்ளிக்கூடம் எல்லாம் கதைத்து முடிந்த நேரம், நான் அந்தச் சின்னக் குரலில், "வாப்பா, எனக்குத் தொழுவிங்க" என்றேன். கிளாக்கர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மச்சான் பால்மா டின்னை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி மகள்" என்றார்.

வெள்ளிக்கிழமை தொழுதார்கள். நாலு முறை 'அல்லாஹு அக்பர்' என்கிற தக்பீர். குனிவதும் இல்லை, நிலத்தில் நெற்றி வைக்கும் ஸுஜூதும் இல்லை, நின்றபடியே முடிந்துவிடும். மாதக்கணக்காக என் மனைவி கேட்டுக்கொண்டிருந்த விஷயம் ஐந்து நிமிடத்துக்குள் நடந்தேறியது. வெளியே, செருப்புத் தேடும் கூட்டத்தில், மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், அவ கேட்டாளா, நீங்க கேட்டீங்களா?"

நான் நேர்மையாக இருக்க எத்தனையோ நல்ல நேரங்கள் வந்து போயிருந்தன. இந்த நேரத்தைத் தெரிவு செய்தேன். "நான்தான்" என்றேன்.

அவர் குரல் உயரவில்லை. "உசிரோட இரிக்கக்குள்ள அவ ஒருநாளும் நான் சொன்னதக் கேட்டதில்ல. வாடி எண்டா ஓடுவா. மௌத்தானாப்புறகு நீங்க சொன்னதெல்லாம் சொன்னா."

அதற்குப் பிறகு அவர் சனிக்கிழமைக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. தொழுகை நடந்ததில் என் மனைவிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். தம்பி வராமல் போன பிறகு அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். எப்படிச் சம்மதித்தான் என்று அவள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. பிணம் எழுப்புவதைப் பற்றிப் புத்தகம் எழுப்பப்பட்டவரின் பக்கத்திலிருந்து மட்டுமே கவலைப்பட்டிருந்தது. எழுப்புகிறவன் எவ்வளவு நல்ல காரியத்துக்கு அதைப் பயன்படுத்தினாலும் கேட்கிறவனிடம் என்ன மிஞ்சும் என்று அதில் ஒரு வரி இல்லை. இருந்திருந்தாலும் நான் வாசித்திருக்கமாட்டேன். டிராகன் பக்கங்களைத்தான் வாசித்தேன்.

சில வருடங்கள் கழித்து யுத்தம் வன்னியில் முடிந்தது. கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை கிளாக்கர் வீட்டுக்கு வந்தார். தம்பியைப் பற்றிச் செய்தி இல்லை. முகாம் பட்டியல்களில் பெயர் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. பார்த்ததாகச் சொன்ன ஆளும் பிறகு வேறு யாரோ என்றுவிட்டார். தேத்தண்ணி வைத்தோம். அவர் அதைத் தொடவில்லை.

"சேர், அந்தப் புத்தகம் இரிக்கா?"

"இல்ல. கறையான் திண்டிற்று" என்றேன். அவருக்குப் பின்னால் அலுமாரியில்தான் இருந்தது.

"புத்தகம் தேவையில்ல. நீங்க இரிந்தாச் சரி. ஒருக்கா அவன் 'அண்ணன்' எண்டு கூப்பிட்டாக் காணும்."

மறுபடி பிரசங்கம் செய்தேன். இந்தமுறை அனுபவத்தோடு. அது தம்பியாக இருக்காது, நானாகத்தான் இருக்கும், அவனுடைய வாயில் என் வார்த்தையை வைப்பது அவனுக்குச் செய்கிற அநியாயம், ஏற்கெனவே ஒருதரம் செய்த பாவம் போதும் என்றேன். ஒரு வார்த்தை பிழையில்லை.

"எல்லாம் சரி சேர்" என்றார். "அது நீங்கதான் எண்டு மச்சான் நானாக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாங்க நம்பித்தான் கேக்கிறம் எண்டா நினைச்சிங்க?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பாவத்திலிருந்து தப்பிய மனிதனாக அவருடைய தேத்தண்ணியையும் நானே குடித்தேன்.

சில நாள் கழித்து அலுவலகத்தில், சுற்றுநிருபங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே அவர் சொன்னார். என்னிடமிருந்து நேரே மச்சானிடம் போயிருக்கிறார், என்னிடம் சிபாரிசு செய்யச் சொல்லி.

"என்ன சொன்னாரு?"

"'அவருட்டக் கேக்காத, அவரு நல்லாச் செய்வாரு' எண்டாரு." இரண்டு முத்திரை குத்தினார். "'மறுகா உண்ட தம்பிட சத்தம் உனக்கு ஞாபகம் வராது. நான் எண்ட மகள நினைச்சா மச்சான்ட சத்தம்தான் கேக்குது. ஒரிஜினல் போயிற்று' எண்டாரு."

முத்திரை மையில் மறுபடி தோய்த்தார்.

"நல்லகாலம் சேர், நீங்க செய்யல்ல" என்றார். அவர் நன்றியாகத்தான் சொன்னார். அதில் குத்தலைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பெருநாள் தொழுகையில் மச்சானைக் காண்பேன். ஆரம்பத்தில் பக்கத்தில் போய் ஸலாம் சொல்வேன். பதில் சொல்வது கடமை என்பதால் சொல்வார். இப்போது ஸலாமும் சொல்வதில்லை. கூட்டத்துக்குள்ளால் போய், வாயைத் திறக்காமல், கையை மட்டும் கொடுக்கிறேன். அவர் பிடிக்கிறார், விடுகிறார். ஊமையா இந்த ஆள் என்று பக்கத்தில் நிற்கிற புது ஆட்கள் நினைக்கக்கூடும். நினைக்கட்டும்.