பதினொரு கீர்த்தனையும் ஒரு பழைய டிரைவும்

இது நடந்தது. சும்மா அளக்கிறான் என்று நினைப்பவர்கள் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் ஜெமிமா டீச்சரிடமே கேட்டுக்கொள்ளலாம். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர். பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் முறைத்தே விரட்டிவிடுவார்.

அவர் கணவர் ஹெப்ரான் இறந்து இரண்டு வருஷம். சபைப் பாடகர் குழுவுக்கு அவர் மெட்டமைத்த பதினொரு கீர்த்தனைகள், எண்பதுகளில் வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரின் ஒரே ஒரு ஃபிளாப்பியில்தான் இருந்தன. அதிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. டீச்சர் அந்த மெஷினில் மெமரி கார்டு பொருத்திவிட்டார். ஆனால் மெட்டுகளைக் கார்டுக்கு மாற்ற, ஃபிளாப்பியை ஓட்டும் டிரைவ் வேண்டும். வீட்டில் இருந்தது செத்துவிட்டது.

பழைய சாமான் விற்கும் கைலாசம் அண்ணாச்சியிடம் ஒன்று இருந்தது.

"பன்னிரண்டாயிரம், டீச்சர்."

"எடைக்கு வாங்குன சாமானுக்கா? பகல் கொள்ளையால்லா இருக்கு!"

"நெல்லையில வேற எங்கன கிடைக்கும்? பாத்துட்டு வாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். விட்டால் ஹெப்ரானின் மெட்டெல்லாம் மண்ணாகிவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2:41. வீட்டில் டீச்சர் மட்டும். டிரைவை இணைத்தார். விளக்கு எரிந்தது. ஃபிளாப்பியைச் செருகினார்.

கிர்ர்ர்...

இன்னும் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. அதற்குள் ஓடியது.

காப்பி எடுக்கச் சொன்னார். ஒன்று... இரண்டு... திரையில் எண்கள் ஏறின. சத்தம்தான் சரியில்லை. ஓடும். நிற்கும். மூச்சு வாங்குவதுபோல் கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஓடும்.

2:58. பத்து.

சத்தம் நின்றது. திரையில் ஒரு கேள்வி. எல்லாவற்றையும் அழிக்கவா? ஆம் என்றால் Y, இல்லை என்றால் N.

டீச்சர் அழிக்கச் சொல்லவே இல்லை.

Y பொத்தான் தானாகக் கீழே இறங்கியது. பைய... பைய...

அவருக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. நகத்தை அடியில் விட்டுப் பொத்தானை நெம்பிப் பிடித்தார். மேலிருந்து எதுவோ அழுத்தியது. ஐஸ் மாதிரி குளிர்ந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

"யாரா இருந்தா எனக்கென்ன? இது எம் புருஷன் பாட்டு. தொட்டுப் பாரு!"

மறு கையால் N-ஐக் குத்தினார்.

கிர்ர்ர்...

பதினொன்று.

மணி 3:06.

மறுநாள் காலை கைலாசம் போன் செய்தார்.

"டீச்சர், அந்த டிரைவுக்குள்ள ஒரு ரப்பர் பெல்ட்டு உண்டு. அதைக் கழட்டித் தனியா வச்சிருக்கேன். நாலாயிரம். இந்தத் தொழில்ல எல்லாரும் இப்படிப் பிரிச்சுத்தான் விக்கோம். அது இல்லாம ஃபிளாப்பி ஒரு சுத்துகூடச் சுத்தாது."

டீச்சர் போனைக் காதில் வைத்தபடியே டிரைவின் மூடியைக் கழற்றினார். பெல்ட் இல்லை. ஃபிளாப்பியைச் சுழற்றும் சக்கரத்தில் பல வருஷத் தூசி. அதன் விளிம்பில் மட்டும் தூசி விலகியிருந்தது.

விரல் தடங்கள். வட்டம் முழுக்க.

"என்ன டீச்சர், பெல்ட்டை எடுத்து வைக்கவா?"

டீச்சர் மூடியை வைத்து இறுக்கித் திருகினார்.

"நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. இங்கன சுத்துறதுக்கு ஆள் இருக்கு."