ஜெராட்டை நீக்கியது நாயகம் அண்ணை அல்ல

செய்தி வந்தபோது துறைமுகத்துக்கு அருகில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். அழைத்தது நாயகம் அண்ணையின் மகள் ஷாமினி. "யூட் சித்தப்பா, அப்பா காலமை போயிட்டார். குடும்பத்துக்கு வெளியில முதல் உங்களுக்குத்தான் சொல்றன்" என்றாள். ஓம் என்றேன். துக்கத்துக்கு முன்பே என் மனதில் எழுந்தது ஒரு நிம்மதி. இனி அந்த விஷயம் யாருக்கும் தெரியவராது என்ற நிம்மதி. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்குத் தகுதியில்லை.

பலேர்மோவில் இருக்கும் நம்மவர்களுக்கு மரியநாயகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தூரத்திலிருந்து இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் நாப்போலியிலிருந்து வரும் கப்பல்களில் அறைகளைத் துப்புரவு செய்தவர். மாலையில், இந்த நகரத்தில் சம்பளத்துக்கு ஆடும் ஒரே ஹொக்கி அணியின் ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தவர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடிய ஒருவரை இத்தாலியர்கள் அந்தப் பொறுப்பில் வைத்தார்கள் என்றால், அவருடைய கண் அப்படி. நான் அவருக்கு உதவியாளன். ஒளிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவதும் கடிதங்கள் எழுதுவதும் என் வேலை.

போட்டிகள் இல்லாத கோடை மாதங்கள்தான் அவருக்கு உண்மையான போட்டிக் காலம். ஒரு யூன் மாதம், கோல் அடிக்கும் பெரிய ஆட்டக்காரர் ஒருவரை வடக்கிலிருந்து கொண்டுவரக் கழகத் தலைவர் துடித்தார். நாயகம் அண்ணை மறுத்துவிட்டு, முந்திய ஆண்டு எங்களுக்கு எதிராக விழுந்த கோல்களின் ஒளிப்பதிவை மட்டும் எடுத்து வரச் சொன்னார். கபோ சந்தைக்கு மேலே இருந்த அவர் வீட்டுச் சமையலறையில் மூன்று நாள் அவற்றைப் பார்த்தோம். முக்கால்வாசி எங்கள் இடது பக்கத்தில் பந்தைப் பறிகொடுத்ததால் வந்தவை. "அடிக்கிறவனை எல்லாரும் தேடுவினம். எங்களுக்குப் பந்தை விடாமல் வைச்சிருக்கிறவன் வேணும்" என்றார். யாரும் கேள்விப்படாத ஒரு இடதுபக்கத் தடுப்பாளரை எடுத்தார். அந்த ஆண்டு நாங்கள் மேல் பிரிவுக்கு ஏறினோம்.

ஆட்டக்காரர் பட்டியலில் எப்போதும் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருப்பார். ஓகஸ்ட் கடைசியில் பெரிய அணிகள் தங்களுக்கு மிஞ்சியவர்களை விடுவிக்கும்போது எங்கள் கையில் இடம் இருக்க வேண்டும் என்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் யூலையில் நெஞ்சுவலி வந்து அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். அப்போது எங்கள் கோல்காப்பாளர் மன்னாரைச் சேர்ந்த ஜெராட். அணியில் இருந்த ஒரே தமிழன். முப்பத்தாறு வயது. அணியில் இருக்கும்வரை மைதானத்தைப் பராமரிக்கும் வேலையும் அவனுக்கு இருந்தது, அந்த வேலை ஒப்பந்தத்தில்தான் அவனுடைய பெர்மேசோ, அதாவது வதிவிட அனுமதி, தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஆர்ஜென்டீனாவில் ஓர் இளம் காப்பாளனைக் கண்டுபிடித்திருந்தேன். இத்தாலியக் கடவுச்சீட்டும் உள்ளவன், ஆகவே அணிக்கு அனுமதித்த வெளிநாட்டவர் கணக்கில் வரமாட்டான். நாயகம் அண்ணையிடம் முன்பே சொல்லியிருந்தேன். "ஜெராட்டிட்ட இன்னும் ஒரு வருசம் இருக்கு. அவனை விட்டால் பின்வரிசை ஆரின்ர சத்தத்தைக் கேட்டு நிக்கும்?" என்று கேட்டார். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், ஜெராட்டின் பெயரை எடுத்துவிட்டுப் பட்டியலைத் தலைவருக்கு அனுப்பினேன். கீழே என் பெயரோடு அவர் பெயரையும் போட்டேன். அவர் பெயர் இல்லாமல் தலைவர் ஏற்றிருக்கமாட்டார்.

அவர் வீடு திரும்பிய அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் கோயில் முற்றத்தில் நின்றோம். ஜெராட்டின் மனைவி ரெஜினா நேரே அவரிடம் வந்தாள். கையில் அந்தப் பட்டியலின் பிரதி இருந்தது.

"அண்ணை, நீங்களோ இவரை வெட்டினது?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன்.

"ஓம் ரெஜினா. பட்டியலுக்குப் பொறுப்பு நான்தான்" என்றார்.

"பெர்மேசோ முடியிறதுக்கு ரெண்டு மாசம் இருக்கு. அது தெரிஞ்சுமோ?"

"தெரியும்."

அன்று முற்றத்தில் நின்றவர்களில் பலர் இதை இப்போது வாசிப்பீர்கள். அதன்பின் நீங்கள் அவரோடு கதைப்பதைக் குறைத்தீர்கள். கிறிஸ்மஸ் ஒன்றுகூடலில் அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்ததை நான் பார்த்தேன். நானும் அதில் போய் இருக்கவில்லை.

ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிக் கேட்டேன். துறைமுகத்தில் வேலை முடிந்து வெளியே வந்தவரிடம், ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றேன். துப்புரவு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொல்லுவாய் எண்டு பாத்தன்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆர்ஜென்டீனாக்காரன் சனவரியில் பெரிய அணி ஒன்றுக்குப் போய்விட்டான். நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். தலைவர் பழியை நாயகம் அண்ணை மேல் போட்டு அவரை விலக்கினார். அந்தப் பொறுப்பை எனக்குத் தந்தார், நான் ஏற்றேன். ஒவ்வொரு கோடையிலும் வாங்கிய கோல்களை முதலில் பார்க்கிறேன், ஓர் இடத்தைக் காலியாக விடுகிறேன். என் முறை நல்லது என்று சொல்கிறார்கள். யாருடைய முறை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

போன கிழமை ஜெராட்டின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் அவனுக்குக் கிடைத்த வேலை ஒப்பந்தம், பாதிரியார் பார்த்துக் கொடுத்தது என்றே அவன் நம்பியிருந்தான். நெஞ்சு வருத்தம் மாறாத உடம்போடு நாயகம் அண்ணை மூன்று தரம் பஸ் ஏறிப் போய் முதலாளியைக் கண்டு கேட்டு வாங்கியது அது என்று, ஷாமினியிடம் அறிந்ததைச் சொன்னபோது அவன் எழுந்து யன்னலடிக்குப் போனான். ரெஜினா மேசையில் கை வைத்தபடி இருந்தாள்.

"ஈஸ்டருக்கு வீட்டை வந்தவர். நான் கதவு திறக்கேல்லை" என்றாள்.

ஜெராட் திரும்பாமலே கேட்டான்: "இதை எங்களுக்கு மட்டும் சொல்லி என்ன செய்ய, அண்ணை?"

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஷாமினி, இந்த மலருக்கு நீ கேட்டது இப்படிப்பட்ட கட்டுரை அல்ல என்று தெரியும். உன் அப்பாவிடமிருந்து எனக்குக் கிடைத்தவை ஹொக்கியைப் பார்க்கும் கண்ணும், அவருடைய பதவியும், நான்கு ஆண்டுகளாக நான் வைத்திருந்த, அவருக்கு உரிய நல்ல பெயரும். முதலாவது என்னோடு இருக்கும், அதை எடுக்க முடியாது. பதவியை விடுவதாகத் தலைவருக்கு எழுதிவிட்டேன். அந்த நல்ல பெயரை இந்தப் பக்கத்தில், உங்கள் எல்லோர் முன்னாலும், அவருக்குத் திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.