சஹனுக்குப் பதிலாக வந்த பிளேட்டுகள்

1. சோற்று மண்டபம்

அன்றைக்கு ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு மதியம்தான் திரும்பினேன். சோற்று மண்டபத்துக்குள் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள். சஹன் ஒன்றையும் காணவில்லை. பிள்ளைகள் வகுப்பறையில் இருப்பதைப்போல வாங்குகளில் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் மஞ்சளும் பச்சையும் ஊதாவுமாக ஒரு பிளாஸ்டிக் பிளேட். விளிம்பில் பெயின்டால் அவளவளுடைய பெயர்.

நடுவில், வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வந்திருந்த ஹன்னா மிஸ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "சர்ப்ரைஸ்!" என்றாள்.

யா அல்லாஹ், எனக்கு வந்த ஆத்திரம்! பிள்ளைகளுக்கு முன்னால் வாயைத் திறக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அங்கே சஹன்களையெல்லாம் அரிசி மூட்டைக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

நான் கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் மேட்ரனாக இருந்தவள். இப்போது ஓய்வு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சஹன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது பெரிய வட்டத் தட்டு. பாயை விரித்து நடுவில் அதை வைத்து, சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. கலியாணமோ கந்தூரியோ, எங்கள் பக்கத்தில் எல்லாம் சஹன்தான். எங்கள் இல்லத்தில் தினமும் அதுதான். ஒவ்வொரு சஹனுக்கும் ஒரு பெரிய பிள்ளையைப் பொறுப்பாக வைப்பேன். அவள் மீனைப் பிய்த்து முள் எடுத்துச் சின்னவர்களின் பக்கம் தள்ளுவாள். யார் தின்கிறாள், யார் சும்மா அளைந்துகொண்டிருக்கிறாள் என்பது மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் நான் பெயர் கேட்கும் முன்னமே சஹனில் கொண்டுபோய் இருத்திவிடுவேன். அழுதாலும் அங்கேயே இருந்து அழட்டும்.

2. பெயின்ட் வாளியோடு வருகிறவர்கள்

ஹன்னாவை மட்டும் குறை சொல்லக்கூடாது. வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்களை நான் என்ன, ஒருவரா இருவரா பார்த்திருக்கிறேன்? வந்த மறுநாளே மதிலுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். எங்கள் மதிலில் சுவரைவிடப் பெயின்ட்தான் தடிப்பு. ஒருத்தி மஃரிப் தொழுகை நேரம் பார்த்துப் பிள்ளைகளுக்கு டான்ஸ் பழக்கினாள். இன்னொரு பொடியன், பெரிய படிப்புப் படித்தவனாம், "இதில் உண்மையான அநாதைகள் யார்?" என்று என்னிடம் கேட்டான். முக்கால்வாசிப் பேருக்கு உம்மா இருக்கிறாள் என்றதும் அவனுடைய முகம் விழுந்துபோயிற்று. உம்மா இருப்பது என்ன குற்றமா?

உம்மாமார் இருக்கிறார்கள். குவைத்திலும் சவூதியிலும் இருக்கிறார்கள். அங்கே யாருடைய பிள்ளைகளையோ குளிப்பாட்டிச் சோறு தீத்துகிறார்கள். தொண்டு செய்ய வருகிற இவர்கள் எங்கேயோ இருந்து பிளேன் ஏறி வந்து அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தலை வாருகிறார்கள். இது என்ன ஏற்பாடு என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

ஹன்னா ஜெர்மனிக்காரி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மற்றவர்களைப்போலக் காலையில் வந்து மாலையில் ஹோட்டலுக்குப் போகவில்லை, எங்களோடேயே தங்கினாள். கழிவறை கழுவினாள். தலையில் முக்காடு போடச் சொல்லும் முன்னமே போட்டுக்கொண்டாள். அதனால்தான் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு. நல்லவள் செய்கிற பிழையைத் திருத்துவதுதான் கஷ்டம்.

இல்லத்தின் தலைவர் ஹாஜியாரிடம் போய் முறையிட்டேன்.

"மேட்ரன், வெள்ளைக்காரப் புள்ளைட மனச நோகடிக்காதீங்க," என்றார். "தன்ட கைக்காசு போட்டு வாங்கியிரிக்கி. போட்டோவும் அவங்கட ஊருக்குப் போயிற்றாம். இனி பிளேட்ட எடுத்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்க நினைக்கிறது கிடக்கட்டும் ஹாஜியார். நம்மட புள்ளைகள் திங்க வேணாமா?"

"பிளேட்ல வெச்சா சோறு தொண்டையால இறங்காதா? சும்மா கிடங்க மேட்ரன், எல்லாத்துக்கும் ஒரு சண்டை!"

அந்த மனிதரோடு கதைப்பதற்கு மதிலோடு கதைக்கலாம். அதிலாவது பெயின்ட் இருக்கிறது.

3. ரிஸ்லா

எனக்குப் பயமெல்லாம் ரிஸ்லாவை நினைத்துத்தான். ஏழு வயது. வாப்பா விட்டுவிட்டுப் போனவர். உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. வந்த நேரம் குருவிக்குஞ்சு மாதிரி இருந்தாள். சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வாள். பிள்ளைகள் இல்லங்களைப் பார்க்கிற நன்னடத்தை அதிகாரி மேடம் வந்து நிறை பார்த்துவிட்டு, இப்படியே போனால் தாதி இருக்கிற வேறு மாவட்ட இல்லத்துக்கு மாற்ற வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார். அவளுடைய உம்மா லீவில் வந்தால் எங்களிடம்தான் வருவாள். முன்பின் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது?

நஸ்மியாவின் சஹனில் இருத்தித்தான் அவளை ஒருமாதிரி வழிக்குக் கொண்டுவந்தோம். நஸ்மியா ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறவள், வாய்க்காரி. "நீ திங்காட்டி நானும் எழும்ப மாட்டன். எனக்கு டியூஷன் போகுது, பாத்துக்க," என்று மிரட்டியே தின்னவைப்பாள். கன்னத்தில் கொஞ்சம் சதை விழுந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பிளேட்டுகள் வந்து சேர்ந்தன.

பிளேட் வந்த பிறகு ரிஸ்லாவின் பிளேட் எப்போதும் காலியாகவே திரும்பியது. ஹன்னா அதை என்னிடம் தூக்கிக் காட்டினாள். "பாருங்கள் மேட்ரன், முழுவதும் சாப்பிட்டிருக்கிறாள்!" என்றாள் இங்கிலீசில். பிள்ளையைத் தராசில் ஏற்றினால் நிறை இறங்கியிருக்கிறது. முழுவதும் தின்கிற பிள்ளை மெலிகிறதென்றால் யாருக்கு நோய், பிள்ளைக்கா தராசுக்கா?

ஒரு மதியம் பின்மதில் பக்கம் போய்ப் பார்த்தேன். ரிஸ்லா குந்திக்கொண்டு சோற்றைப் பூனைகளுக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒலுவில் துறைமுகத்திலிருந்து வந்த நல்ல பாரை மீன். பூனைகளெல்லாம் கொழுத்துப்போய் நின்றன.

"என்ன புள்ள செய்யிறாய்? ஆக்கி வெச்சது பூனைக்கா?" என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. பிளேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மேட்ரன், என்னைய எந்த ஊட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

"என்ன ஊடு? ஆரு அனுப்புறது?"

"உம்மாக்கும் அந்த ஊட்டுல பேரெழுதின பீங்கான்தான். போன்ல காட்டினா. அவங்க எல்லாரும் ஒண்டா இரிந்து திங்கிறாங்க, உம்மா மட்டும் குசினிக்குள்ள. உம்மாட பீங்கான வேற ஒருத்தரும் தொட மாட்டாங்களாம். வேலக்காரிக்குத்தான் பேரெழுதி வைக்கிறயாம். இப்ப எனக்கும் எழுதித் தந்திட்டீங்களே."

பிள்ளை எத்தனை நாளாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறது! "அல்லாட காவல், ஒன்னைய ஒரு ஊட்டுக்கும் அனுப்ப மாட்டன்," என்று தூக்கிக்கொண்டேன். தூக்கிய பிறகுதான், அதிகாரி மேடம் அடுத்த வாரம் வருகிறார் என்பது நினைவுக்கு வந்தது.

4. ஹன்னாவோடு போட்ட சண்டை

எனக்குத் தெரிந்த இங்கிலீசையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஹன்னாவின் தலையில் கொட்டினேன். அவளுக்கு முகம் சிவந்தது. அவளும் விடவில்லை.

அவளும் சின்ன வயதில் இப்படி ஒரு இல்லத்தில் வளர்ந்தவளாம். உடுப்பும் தலையணையும் எல்லாருக்கும் பொதுவாம். இன்றைக்குத் தன்னுடையதென்று போடுகிற சட்டை நாளைக்கு வேறொருத்தியின் உடம்பில் இருக்குமாம். "என் பெயர் எழுதிய ஒரு கோப்பைக்காக நான் ஏங்கியிருக்கிறேன் மேட்ரன். அதைத்தான் இவர்களுக்குக் கொடுத்தேன்," என்றாள்.

சே, இதை வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? பிறகு நான் ரிஸ்லா சொன்னதைச் சொன்னேன்.

அன்று பின்னேரமே ஹன்னா, சஹனையே திரும்ப வைக்கவேண்டும் என்று சொல்ல ஹாஜியாரிடம் போனாள். போட்டோவைப்பற்றி அவர் ஆரம்பித்ததும், "அது நான் எடுத்த போட்டோ, நானே சொல்லிக்கொள்கிறேன்," என்றாளாம். ஹாஜியார் என்னிடம் வந்து, "நான் அப்பவே சொன்னன்தானே மேட்ரன், சஹன்தான் நமக்குச் சரியெண்டு," என்றார். இந்த மனிதரை என்ன செய்ய!

எல்லாப் பிள்ளைகளும் சந்தோஷமாகப் பிளேட்டைக் கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேர் அழுதார்கள். அஸ்மா தன்னுடையதைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்தாள். ஹன்னா சொன்னது நினைவில் இருந்ததால் அதைக் கண்டும் காணாததுபோல விட்டுவிட்டேன். மற்றப் பிளேட்டுகளில் ஹன்னா பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுப் பெயர்களைத் துடைத்துக் குசினி றாக்கையில் அடுக்கினாள்.

அதிகாரி மேடம் வந்தார். ரிஸ்லாவைத் தராசில் ஏற்றினார்.

"நிறை குறைஞ்சுதானே இருக்கு மேட்ரன். நான் என்ன எழுதுறது?"

"நிறையை விடுங்க மேடம். இரிந்து, அவள் திங்கிறதப் பாத்திட்டு எழுதுங்க."

அவருக்கு நேரமில்லையாம். வாகனம் காத்திருக்கிறதாம். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன் என்றே சொல்லலாம். நஸ்மியாவின் சஹனில் அன்றைக்கு ஹன்னாவும் இருந்தாள். காலை மடிக்கத் தெரியாமல், சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே பாதியைக் கொட்டினாள். "மிஸ், அப்பிடியில்ல, வெரலக் குவிங்க," என்று ரிஸ்லா அவளுக்குச் செய்து காட்டினாள். காட்டப் பிடித்த ஒவ்வொரு பிடியையும் தன் வாயில்தான் போட்டாள். மேடம் அடுத்த முறை வரும்வரை இடமாற்றத்தை நிறுத்திவைத்தார். அடுத்த முறை தராசும் ஒத்துழைத்தது.

5. லீவில் வந்த உம்மா

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பிள்ளைக்கு எதையாவது கொடுக்க வந்தால், அந்தச் சாமானை அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வீட்டில் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். உங்களுக்குக் கிடைக்காததையெல்லாம் கொண்டுவந்து அதன் கையில் திணிக்காதீர்கள். வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமல்ல, உள்ளூர் ஹாஜியார்மாருக்கும்தான் சொல்கிறேன்.

ஹன்னா ஊருக்குப் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு ரிஸ்லாவின் உம்மா லீவில் வந்தாள். மதியச் சோற்று நேரம். சாப்பிட வாங்க என்று சொல்லிவிட்டு நான் சஹன்களைப் பார்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. றாக்கையிலிருந்து ஒரு பிளேட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் நிலத்தில் ஒதுங்கி இருந்து தின்றுகொண்டிருந்தாள். அப்படிச் செய்யச் சொல்லி அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

நான் வாயைத் திறக்கும் முன்னம் ரிஸ்லா தேடிக்கொண்டு வந்துவிட்டாள். உம்மாவையும் பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து பிளேட்டை உம்மாவின் கையிலிருந்து வாங்கினாள்.

"எழும்புங்க உம்மா. இஞ்ச அப்பிடியில்ல. இது நம்மட ஊடு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், நஸ்மியாவைத் தள்ளி இருக்கச் சொல்லி, உம்மாவை நடுவில் இருத்தினாள். பிளேட்டில் இருந்த சோற்றைச் சஹனில் கவிழ்த்துவிட்டு மீனைப் பிய்த்து முள் எடுக்கத் தொடங்கினாள். நான் குசினிக்குள் போய், கறியில் உப்புக் கூடிவிட்டதென்று சமையல்காரியோடு சண்டை பிடித்தேன். உப்பெல்லாம் அளவாகத்தான் இருந்தது. அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன்.