‘பிற’ என்ற கடைசி வரி

1. சேர்ந்த நாள்

எங்கள் வட்டார வரலாற்றுச் சங்கத்தில் அறங்காவலராகச் சேர்ந்த அன்று என் கையில் அன்றைய வேலைகளின் பட்டியல் ஒன்று இருந்தது: பொருள், கேட்டலாக் எண், கையெழுத்து, டிபன். எனக்குத் தரமணியில் டேட்டாபேஸ் வேலை. சனிக்கிழமைகளில் மயிலாப்பூருக்கு வந்து, சங்கத்திலுள்ள பொருள்களுக்கான கேட்டலாகைக் கணினியில் அமைத்துக் கொடுத்திருந்தேன். அதனால்தான் அழைத்தார்கள். இனிச் சேரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அன்று என்னோடு சேர வந்தவர் அமுலு அக்கா. அடையாற்றங்கரையில் ஓடக்காரன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்த வீடுகளை இடித்தபோது ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக்குப் போனார். வீட்டு வேலைக்கு மட்டும் பழைய பக்கமே வந்து போய்க்கொண்டிருந்தார். சங்கம் ஆற்றங்கரையில் ஒரு வரலாற்று நடை நடத்தியது. செயலாளர் சேஷாத்ரி மாமா, “இங்க ஒண்ணும் இல்லை, மேல போகலாம்” என்று சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து அந்த வழியாக வந்த அக்கா நின்றுவிட்டார்.

“ஒண்ணுமில்லன்னு சொல்லாத சார். நீ நிக்கிறது எங்க வூட்டு வாசல்.”

இவர் அறங்காவலர் குழுவுக்கு வேண்டும் என்று மாமா அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

2. குடம்

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய அறங்காவலர் தன் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொடுக்க வேண்டும். அதற்கு எண் விழுந்த பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்து. நான் அப்பாவின் ஸ்லைடு ரூலைக் கொடுத்தேன். இடம், அசோக் நகர். இரண்டு நிமிடத்தில் எண் விழுந்தது.

அமுலு அக்கா கொண்டுவந்தது பச்சை பிளாஸ்டிக் குடம். கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் மூன்று புள்ளிகள்.

“லாரித் தண்ணிக்கு வெச்சா அல்லா கொடமும் ஒரே மாரி இருக்கும். மூணு புள்ளின்னா எங்க வூடு. பக்கத்து வூட்டு மேரிக்கு ரெண்டு. சண்ட வந்தா புள்ளிதான் சாட்சி.”

எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். ‘இடம்’ என்ற பெட்டியில் பட்டியலிலிருந்துதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். ஓடக்காரன் தோட்டம் அதில் இல்லை. யோசிக்காமல் கடைசி வரியை அழுத்தினேன்.

அக்கா திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “பிறன்னா இன்னா கண்ணு?”

“லிஸ்ட்ல இல்லாத இடம்க்கா.”

“லிஸ்ட்டு யார் போட்டது?”

“நான்தான்.”

அவர் கோபப்படவில்லை. குடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “பேரோட வெக்கிறதுன்னா வெய்யி. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்.”

மாமா தயங்கினார். “புதுப் பேர் சேர்க்கணும்னா ரெண்டு அறங்காவலர் எழுதித் தரணும். நான் செயலாளர், என் கையெழுத்து செல்லாது. மத்தவா யாரும் இன்னிக்கு வரலை. அடுத்த மாசம் பண்ணிடலாமே? உள்ள இட்லி வேற ஆறிண்டிருக்கு.”

“அடுத்த மாசம் பஸ் வுடுவாங்க, அடுத்த மாசம் ஸ்கூல் வரும்னு அங்க நெறைய பாத்துட்டேன் சார். நீங்க துண்ணுங்க. நான் கொடத்த எடுத்துக்கினு கெளம்பறேன்.”

அவர் எழுந்துவிட்டார்.

3. வரிசை

என் கையிலிருந்த அன்றைய பட்டியலைப் பார்த்தேன். பொருள், எண், கையெழுத்து. பிழை வரிசையில் இருந்தது.

“மாமா, கையெழுத்தை முதல்ல வாங்கினா தப்பா? போட்டுட்டா நாங்க ரெண்டு பேரும் அறங்காவலர்தானே?”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொருள் முதல்லங்கறது வழக்கம்தான். விதியில இல்லை.” அவரே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார்.

கையெழுத்திட்டோம். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் எழுதினோம். முன்மொழிபவர் அமுலு, வழிமொழிபவர் நான். பட்டியலைத் திறந்து பெயரைச் சேர்க்கும்போது அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

“தோட்டம்னு போடு. நகர்னு போட்ராத. நகருன்றது இப்ப எங்கள தள்ளிவுட்ட எடம்.”

எண் விழுந்தது. மாமா குடத்தை இரண்டு கைகளாலும் வாங்கி அலமாரிக்குக் கொண்டுபோனார். “இதோ இருக்கறது நான் சேர்ந்தப்போ எங்காத்துலேர்ந்து கொண்டுவந்த கூஜா. பக்கத்துலயே இருக்கட்டும்.”

“ரெண்டும் தண்ணிக்குத்தான் சார்,” என்றார் அக்கா.

இட்லி ஆறித்தான் போயிருந்தது.

4. கற்றது

ஒரு பட்டியலில் ‘பிற’ என்று எழுதினால், எழுதியவர் இன்னும் யாரையும் கேட்கவில்லை என்று பொருள். அந்த வரியை நீக்கிவிட்டேன். இடம் தெரியாவிட்டால் இப்போது பெட்டி காலியாக நிற்கிறது. கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

நீக்குவதற்கு முன் அதன் கீழ் நான் போட்டுவைத்திருந்த பழைய புகைப்படங்களை அக்காவுடன் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் குடத்தை இடுப்பில் வைத்து ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று நான் பதிந்திருந்தேன். அக்கா படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். குடத்தின் கழுத்தில் இரண்டு புள்ளிகள்.

“மேரி,” என்றார். “எழுதிக்கோ.”